இறக்கிவிட்டு டைட் வை

கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டவை நான்கு கருங்கற்கள். முழங்கால் உயரம். அவற்றின் மேல் சேஸ் உட்கார்ந்திருக்க, நான்கு சக்கரமும் தரை தொடாமல் ஒரு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அந்தரத்தில் நின்றது. குற்றாலத்திலிருந்து ஐந்தருவிக்குப் போகிற பாதையில், பழைய சீசன் பங்களா ஒன்றின் பின்பக்கத்துத் தகர ஷெட். வெளியே ஆனிச் சாரல் பொடிப்பொடியாக இறங்கிக்கொண்டிருந்தது.

என்னைக் கூட்டிப் போனவருக்கு அறுபது வயது இருக்கும். வண்டி அவருடைய அப்பா வாங்கியது. "அப்பாவுக்குக் கண்ணு மங்கினதும் ஓட்டுறத நிறுத்திட்டாக அண்ணாச்சி. டயர் வீணாப் போயிரக் கூடாதுன்னு ஆள் வச்சுத் தூக்கிக் கல்லு மேல ஏத்துனாக. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. ஒருக்காகூட எறக்கல."

குனிந்து பின்பக்கம் பார்த்தேன். கழுத்தைப் பிடித்துத் தூக்கிய கோழியின் கால்களைப் போல இரண்டு சக்கரமும் உள்ளே மடிந்து தொங்கின. ஹெரால்டைத் தூக்கினால் அப்படித்தான் மடியும். அது அதன் பிறவிக் குணம். ஆனால் இருபத்திரண்டு வருடம் மடிந்தே இருந்தால் என்ன ஆகும் என்பதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. டயர் நான்கும் வெடித்துப் பொடிந்திருந்தன. காப்பாற்ற நினைத்தது டயரை, அது போய்விட்டது. தொங்கவிட்டதால் டயருக்கு மேலே இருந்ததும் போயிருந்தது. ஒரு பெரிய மனிதர் அக்கறையோடு செய்துவைத்த காரியம். அவருடைய மகனிடம் இதைச் சொல்லவேண்டாம் என்று அன்று தீர்மானித்தேன். பிறகு ஒரு நாள் சொல்லவேண்டி வந்தது.

ஹெரால்டு நம் பக்கத்துக் கார். அந்தக் காலத்தில் கல்கத்தா உத்தர்பாராவில் அம்பாசடர், பம்பாயில் ஃபியட், மெட்ராஸ் வண்டலூரில் ஸ்டாண்டர்ட் என்று மூன்று இடத்தில்தான் நமக்குக் கார் பிறந்தது. இங்கிலாந்தில் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த வண்டி இது. உருவத்தை வரைந்தவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கெலொட்டி. வண்டலூரில் 1961இல் ஸ்டாண்டர்ட் ஹெரால்டாக வரத் தொடங்கியது. 948 சிசி எஞ்சின். அறுபதுகளின் கடைசியில் நாலு கதவு வைத்தும் செய்தார்கள்; நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்திலேயே கிடையாது. முன்பக்கம் பானெட்டும் மட்கார்டும் சேர்ந்து ஒரே துண்டாக முன்னோக்கிச் சாயும். சாய்த்துவிட்டு முன்டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். மெக்கானிக்கின் இடுப்பை நினைத்துச் செய்த கார் நான் அறிந்து அது ஒன்றுதான். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். தென்காசி ரதவீதியில் அம்பாசடர் இரண்டு தடவை ரிவர்ஸ் அடிக்கிற இடத்தில் இது ஒரே வீச்சில் திரும்பிப் போகும்.

இதன் தனிக்குணம் அடியில்தான் இருக்கிறது. அம்பாசடரின் பின்பக்கம் மாட்டுவண்டியின் மரபு: குறுக்கே ஒரே இருசு, இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஸ்பிரிங் பட்டை. ஒரு சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் இருசோடு சேர்ந்து மறுசக்கரமும் சாயும். ஹெரால்டில் நாலு சக்கரமும் தனித்தனி. பின்னால் டிஃபரென்ஷியல் சேஸோடு அசையாமல் நிற்கும். அதன் தலையில் குறுக்காக ஒரே ஒரு பட்டைக்கட்டு, தோளில் காவடி வைத்த மாதிரி. காவடியின் இரு முனையிலும் சக்கரம். டிஃபரென்ஷியலிலிருந்து இருபுறமும் போகிற ஷாஃப்ட் உள்முனையில் ஒரு ஜாயின்டில் மடங்கும். பறவை சிறகை ஏற்றி இறக்குவதுபோல் சக்கரம் ஏறி இறங்கும். வண்டியின் எடை இறங்கினால் சிறகு விரியும். எடையை எடுத்தால் மடங்கிவிடும்.

இந்தச் சிறகை நம் ஊரில் பலருக்குப் பிடிக்கவில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஹெரால்டைத் திருத்தி கெஸல் என்று விட்டபோது, கம்பெனியே அதை எடுத்துவிட்டு நேர் இருசு போட்டது. ஓட்டுநரும் மெக்கானிக்கும் பின்பக்கத்தைக் குறை சொன்னதுதான் காரணம். அந்தக் குறையில் பாதி நியாயம். வளைவில் வேகமாக நுழைந்து நடுவில் பிரேக்கை மிதித்தால் பின்பக்கம் எம்பும், வெளிச்சக்கரம் உள்ளே மடியப் பார்க்கும். அது உண்மை. மீதிப் பாதி, சரியாகப் பூட்டத் தெரியாதவர்கள் பூட்டியதால் வந்தது என்பது என் அனுபவம்.

எழுபதுகளின் பின்பாதியில், பதினான்கு வயதில் தென்காசியில் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். மேஸ்திரி அதிகம் பேசமாட்டார். அவர் எனக்குச் சொன்ன வார்த்தைகளில் ஆயிரம் தடவைக்கு மேல் சொன்னது ஒன்று: "ஏல, எறக்கிவிட்டுட்டு டைட் வையி." ரப்பர் புஷ் உள்ள போல்ட் எதையும், வண்டி ஜாக்கியில் நிற்கும்போது கடைசி முறுக்கு முறுக்கக் கூடாது. நட்டைக் கையால் ஓட்டி வைக்கலாம், அவ்வளவுதான். வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, ஆள் உட்காரும் எடையைச் சீட்டில் வைத்து, பத்தடி முன்னும் பின்னும் உருட்டி, பட்டை தன் நிலைக்கு வந்தபிறகுதான் அடியில் படுத்து முறுக்கவேண்டும்.

ஏன் என்பது எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் புரிந்தது. புஷ் என்றால் உள்ளே ஒரு இரும்புக் குழல், வெளியே சக்கரத்தைத் தாங்கும் கையின் கண், நடுவில் ரப்பர். போல்டை முறுக்கியதும் உள்குழல் கொண்டியோடு இறுகி அசையாமல் நின்றுவிடும். அதன்பிறகு கை ஏறி இறங்குவது ரப்பர் முறுகுவதால் மட்டுமே. எதுவும் உரசிச் சுழல்வதில்லை. சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலைதான் ஓய்வு நிலை. வண்டியை இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுகியே நிற்கும். ஓடாமல் நிற்கும்போதும் முறுக்கு இருக்கும். ஆறு மாதத்தில் கிழிந்துவிடும். கிழிகிற வரைக்கும் வண்டி ஓரடி ஒசந்து நிற்கிற மாதிரி விறைத்துத் திரியும், வளைவில் உதறும். ஓட்டுகிறவர் ஹெரால்டைத் திட்டுவார்.

கல்மேல் நின்ற இந்த வண்டியில் நடந்தது அதன் மறுபக்கம். எடையில் ஓய்வாக இருக்கும்படி இறுக்கிய புஷ்கள், எடையில்லாமல் இருபத்திரண்டு வருடம் முறுகிக் கிடந்திருக்கின்றன. ரப்பர் அந்த நிலையிலேயே செத்துப்போயிருந்தது. விரலால் குத்தினால் கரித்தூள். ஷாக் அப்சார்பர்கள் நீண்ட நிலையில் தொங்கியதால், எண்ணெய்க்குள் ஒளிந்திருக்கவேண்டிய தண்டு வெளியே நீட்டிக்கொண்டு சாரல் காற்றைக் குடித்திருந்தது. பளபளப்பாக இருக்கவேண்டிய தண்டில் அம்மைத் தழும்பு மாதிரிக் குழி. அந்தத் தண்டு ஒரு தடவை உள்ளே போய் வந்தால் சீல் அறுந்து எண்ணெய் முழுவதும் வெளியே வந்துவிடும். பின் ஷாஃப்டின் ஜாயின்டுகள் கடைசிக் கோணத்திலேயே மடங்கி நின்று, உள்ளே ஊசி பேரிங் துருவில் பதிந்து அச்சு விழுந்திருந்தது.

தென்காசிக்காரர்களுக்குச் சாரலைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று செங்கோட்டைப் பக்கத்து மலை இடைவெளி வழியாகப் பாய்ந்து வரும். காசிவிசுவநாதர் கோயில் கோபுர வாசலில் நிற்பவரை ஆளையே தள்ளுகிற காற்று. அதன் முதுகில் ஏறி வருவதுதான் சாரல். மழை மேலிருந்து கீழே விழும், கூரை தடுக்கும். சாரல் படுக்கைவாட்டில் வந்து கூரைக்கு அடியில் நுழையும், தகரத்தின் இடுக்கில் புகும், ஷெட்டுக்குள் நிற்கிற இரும்பின் அடிவயிற்றைத் தடவும். பிறகு ஐப்பசியில் வடகிழக்கு மழை தனி. வருடத்தில் இரண்டு பருவம் ஈரம் குடிக்கிற ஊரில், ஓடாத வண்டிக்குத் துரு வெளியில் தெரியாது. போல்டின் உடம்பும் குழலின் உள்ளும் தொடுகிற இடத்தில்தான் பிடிக்கும்.

வண்டியைக் கல்லிலிருந்து இறக்கி, வேறு டயர் மாட்டி, மினி லாரியில் ஏற்றித் தென்காசிப் பட்டறைக்குக் கொண்டுவந்தேன். பின்சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்கின் அடிப் போல்டு இரண்டையும் கழற்றவே ஒன்பது நாள் ஆனது. மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்து காலையும் மாலையும் ஊற்றினோம். என் பையன் சம்மட்டியை எடுத்தான், தடுத்துவிட்டேன். துருப்பிடித்த போல்டை அடித்தால் அது நகராது. பக்கத்தில் இருக்கிற காது உடையும். கடைசியில் வலப்பக்கம் இளகியது. இடப்பக்கத்துக்கு ஆக்ஸா பிளேடை மட்டும் துணிசுற்றிக் கையில் பிடித்து, குழலோடு சேர்த்து அறுத்தோம். மூன்று மணி நேரத்துக்கு ஒருவர் மாறினோம்.

முன்பக்கத்தோடுதான் எனக்குப் பழைய கணக்கு இருந்தது.

ஹெரால்டின் முன்சக்கரம் ஒரு நிமிர்ந்த இரும்புத் தண்டில் நிற்கிறது. அதுதான் வெர்டிகல் லிங்க். மேல்முனை பால் ஜாயின்டில். கீழ்முனையில் மரை வெட்டி, ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி இறக்கியிருக்கும். அந்தக் கட்டை ட்ரன்னியன். ஸ்டியரிங்கை ஒடிக்கும்போது போல்டு நட்டுக்குள் திரும்புவதுபோல் அந்த மரை வெண்கலத்துக்குள் திரும்பும். காரின் முன்பாரம் மொத்தமும் அந்த மரையில்தான். இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் மரை எதிரெதிர். மாற்றிப் பூட்ட முடியாது.

இதற்குள் ஊற்றவேண்டியது கிரீஸ் இல்லை. 90 நம்பர் கியர் ஆயில். கம்பெனிப் புத்தகத்திலேயே அப்படித்தான் சொல்லியிருக்கிறது. கட்டையில் இருக்கிற சிறு பிளக்கைக் கழற்றி, தற்காலிகமாக ஒரு நிப்பிளை மாட்டி, கிரீஸ் கன்னில் எண்ணெய் நிரப்பி, மேலே கசிந்து வருகிறவரை அடிக்கவேண்டும். கிரீஸ் போட்டால் முதல் சில மாதம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு அது கெட்டியாகி மெழுகுபோல் வழியை அடைத்துக்கொள்ளும். அதற்கப்புறம் எதை அடித்தாலும் மரை வரை போகாது. மரை காயும், ஈரம் ஏறும், துரு பிடிக்கும். வெண்கலத்தின் உதட்டை ஒட்டி, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தண்டு அரித்து மெலியும்.

பதினேழு வயதில் நான் ஒரு டாக்டர் ஐயாவின் ஹெரால்டுக்கு கிரீஸ் அடித்தேன். பிளக்குக்குப் பதிலாக யாரோ நிரந்தரமாக நிப்பிள் மாட்டி வைத்திருந்தார்கள். நிப்பிள் என்றால் கிரீஸ் என்று என் கை பழகியிருந்தது. ஒன்றரை வருடம் கழித்து, செங்கோட்டைச் சந்தைப் பக்கம் அவர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியைப் பின்னால் எடுக்கும்போது இடது முன்சக்கரம் கழன்று மட்கார்டுக்குள் மடங்கியது. நடை வேகம்தான். யாருக்கும் காயமில்லை. அதே வண்டி முந்தின வாரம் குடும்பத்தோடு ஆரியங்காவுக்குப் போய் வந்திருந்தது.

மேஸ்திரி என்னை அடிக்கவில்லை. உடைந்த தண்டை என் கையில் கொடுத்து, கட்டையை வைஸில் பிடித்து உள்ளே பார்க்கச் சொன்னார். மேல் மூன்று மரை தவிடாக உதிர்ந்தது. அடியில் நான் அடித்த கிரீஸ் மஞ்சள் மெழுகாக அப்படியே இருந்தது. "இது போன பொறவு என்ன செய்வ?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து ஹெரால்டு எது என் பட்டறைக்கு வந்தாலும், என்ன வேலைக்கு வந்தாலும், முதலில் ட்ரன்னியனைத் தொட்டுப் பார்ப்பேன்.

ஆகவே இந்த வண்டியின் தண்டுகளைக் கழற்றியதும் அன்றைக்கு வேறு வேலை பார்க்கவில்லை. மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறப்போட்டு, காலையில் துணியால் நன்றாகத் துடைத்து, மரைமேல் சாக்பீஸ் தூளைத் தேய்த்து வைத்தேன். விரிசல் இருந்தால் அதற்குள் போன மண்ணெண்ணெய் மெதுவாக ஊறி வந்து வெள்ளையில் ஈரக் கோடாகக் காட்டிக்கொடுக்கும். இன்றைக்குப் பெரிய தொழிற்சாலைகளில் சிவப்புச் சாயம் அடித்துச் செய்கிற சோதனையின் ஏழைத் தம்பி இது, ஆனால் ஏமாற்றாது. வலப்பக்கம் சுத்தம். இடப்பக்கத்தில் ஒரு முடி அளவு கோடு, மரை தொடங்குகிற அதே இடத்தில்.

தண்டு கிடைக்குமா என்று வண்டிக்காரர் பயந்தார். ஹெரால்டு நின்று எத்தனையோ காலம் ஆனாலும் இந்த ஒரு உறுப்புக்குப் பஞ்சம் இல்லை. காரணம், இங்கிலாந்தில் இதே முன்பக்கத்தை ஸ்பிட்ஃபயர் என்ற விளையாட்டுக் காருக்கும் போட்டார்கள். அது 1962 முதல் 1980 வரை ஓடியது. லோட்டஸ் எலான் என்ற பேர்பெற்ற காரும் இந்தத் தண்டையும் ட்ரன்னியனையும்தான் வாங்கிப் பூட்டிக்கொண்டது. செங்கோட்டைச் சந்தையில் மடங்கிய அந்த உறுப்பு, எண்ணெய் ஊற்றுகிறவர் கையில் இருந்தால் பந்தயக் காரையும் தாங்கும். சென்னையில் ஒரு வியாபாரி மூலம் இரண்டு பக்கத்துக்கும் தண்டு, கட்டை, ஷாக் எல்லாம் வரவழைத்தோம். ஆறு வாரம் ஆனது. புதுப்பேட்டையில் ஒரு பழைய சோடி கிடைத்தது. வேண்டாம் என்றேன். உள்ளே என்ன ஊற்றியிருந்தார்களோ, தெரியாத ட்ரன்னியனை நான் பூட்டமாட்டேன்.

காத்திருந்த நேரத்தில் பட்டையைப் பார்த்தோம். எடையே இல்லாமல் இருந்ததால் வளைவு குறையாமல் இருக்கும் என்று என் பையன் சொன்னான். வளைவு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இலைகளுக்கு நடுவே துரு பூத்து, எல்லாம் ஒட்டி ஒரே கட்டையாகிவிட்டது. பட்டைக்கட்டு வேலை செய்வது இலைமேல் இலை வழுக்குவதால். வழுக்காவிட்டால் அது வெறும் இரும்பு உத்தரம்.

இந்தப் பக்கத்தில் பட்டை வேலைக்குப் பாவூர்சத்திரத்தைத்தான் தேடிப் போவேன். காய்கறிச் சந்தையிலிருந்து கேரளாவுக்கு ராத்திரி பகலாக லோடு போகிற ஊர்; லாரிப் பட்டை ஒடிவதும் சரிசெய்வதும் அங்கே தினசரி. நான் போகிற பட்டறை ஆசாரிக்கு எழுபதைத் தாண்டியது. கட்டைப் பிரித்துப் போட்டு ஒவ்வொரு இலையாகச் சுத்தியால் தட்டிச் சத்தம் கேட்டார். ஒரு இலைக்கு மட்டும் முகம் மாறியது. "இதுல உசுரு இல்ல தம்பி." தடவிப் பார்த்தால் துரு தின்ற குழி. அதைத் தள்ளிவிட்டு, அதே கனத்தில் வேறு இலை வெட்டினார். மற்றவற்றைக் கம்பித் தூரிகையால் தேய்த்து வெள்ளையாக்கி, வளைவைக் குளிர்ந்த நிலையிலேயே, சிறு சிறு தட்டாகத் தட்டி ஒன்றோடொன்று பொருத்தினார். உலையில் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் அரை மணியில் முடியும். ஆனால் காய்ச்சிய பட்டையை எண்ணெயில் முக்கி, மறுபடி பக்குவத்துக்குச் சூடுகாட்டாவிட்டால் அதன் பதம் போய்விடும். ஒரு மாதத்தில் தொங்கும். இரண்டு நாள் தட்டினார். அவர் கேட்ட கூலி அந்த இரண்டு நாளுக்கு ஒரு கொத்தனார் வாங்குவதைவிடக் குறைவு. அதிகம் கொடுத்தபோது வாங்க மறுத்து, பிறகு வாங்கிக்கொண்டார். அவருக்குப் பின் அந்தச் சுத்தியைப் பிடிக்க அந்தப் பட்டறையில் ஆள் இல்லை.

பிரேக்கைப் பற்றி எழுத அதிகம் இல்லை. வீல் சிலிண்டர் எல்லாம் உறைந்திருந்தது, எல்லாம் புதிது. பைப்பும் புதிது. பழைய பைப்பைச் சுத்தம் செய்து போடலாமா என்று கேட்பவர்களிடம் வண்டியைக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

புஷ் விஷயத்தில்தான் வண்டிக்காரருக்கும் எனக்கும் வாக்குவாதம் வந்தது. பாலியூரித்தேன் புஷ் போடலாம், இருபது வருடம் உழைக்கும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். உழைக்கும்தான். ஆனால் அது ரப்பர் மாதிரி முறுகாது, உரசிச் சுழலும். சாலையின் ஒவ்வொரு கல்லையும் ஸ்டியரிங்கில் சொல்லும். "இது உங்க அப்பா ஓட்டுன வண்டி. அவுக ஓட்டுன மாதிரி இருக்கணுமா, வேற வண்டி மாதிரி இருக்கணுமா?" என்று கேட்டேன். ரப்பரே போட்டோம். புளியரை தாண்டி ஏறினால் ஆரியங்காவிலிருந்து புனலூர் வரை ரப்பர் தோட்டம். ஷீட்டாக்கிக் கொடியில் துணிபோல் காயப்போட்டிருப்பார்கள். நம் பக்கத்து மரத்தின் பால் அது. சோப்புத் தண்ணீர் தடவிப் புஷ்ஷை அழுத்தி ஏற்றினோம். எண்ணெய் தடவினால் எளிதாக ஏறும், ஆனால் எண்ணெய் ரப்பரை ஊதவைத்துத் தின்றுவிடும். கீழ்க்கைக் கொண்டிக்கும் சேஸுக்கும் நடுவில் இருந்த தகட்டுத் துண்டுகளை, கழற்றும்போதே எண்ணிச் சாக்பீஸால் சுவரில் எழுதிவைத்திருந்தேன். அந்தத் துண்டுகள்தான் சக்கரத்தின் சாய்வைத் தீர்மானிக்கின்றன. எண்ணாமல் கழற்றினால் வண்டி பிறந்த சாய்வு பிறகு கிடைக்காது.

முன் காயில் ஸ்பிரிங்கைச் சுருக்கிப் பூட்டுவதை நான் இன்றும் பையன்களிடம் விடுவதில்லை. சுருங்கிய ஸ்பிரிங் கையை விட்டுத் தெறித்தால் ஆளைக் கொல்லும். பட்டறையில் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, இரண்டு மரைக்கம்பியை மாறி மாறி அரைச் சுற்றாகத் திருகி, தனியாகச் செய்தேன்.

பிறகு அந்த நாள் வந்தது. எல்லாம் பூட்டி, எல்லா நட்டும் கைமுறுக்கில் நின்றன. ஜாக்கியை இறக்கினோம். வண்டிக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கிய பிறகும் பின்பக்கம் ஒட்டகம்போல் தூக்கிக்கொண்டே நின்றது, சக்கரம் உள்ளே மடிந்தபடி. அவர் முகம் வாடியது. "அப்படியேதான் இருக்கு?"

"உருட்டணும்," என்றேன். தரை டயரைப் பிடித்துக்கொண்டிருக்கும். நின்ற இடத்தில் சக்கரத்தால் வெளியே விரிய முடியாது. நால்வர் சேர்ந்து பத்தடி முன்னால் தள்ளினோம். ஒவ்வோர் அடிக்கும் பின்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. பின்னால் இழுத்தோம், இன்னும் தாழ்ந்தது. நின்றபோது சக்கரம் இரண்டும் நேராக நின்றன. இருபத்திரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வண்டி தன் எடையைத் தன் கால்களில் வாங்கியது.

என் பட்டறைக் குழி சாரல் காலத்தில் ஊற்றெடுத்து நிறைந்துவிடும். அதனால் நாலு சக்கரத்துக்கு அடியிலும் தடித்த பலகை அடுக்கி, வண்டியை அதன்மேல் ஏற்றி நிறுத்தினேன். முன்சீட்டில் வண்டிக்காரரையும் என் பையனையும் உட்காரச் சொன்னேன். அடியில் படுத்தேன். அரைமணி நேரம் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு நட்டாக இறுக்கினேன். மேலிருந்து அவர் கேட்டார், "கல்லு மேல வச்சதுதான் கெடுத்துட்டா அண்ணாச்சி?"

இறுக்கிக்கொண்டே, ஆமாம் என்றேன். வேறு யாராவது வண்டியைத் தரையிலேயே விட்டிருந்தால் டயர் மட்டும்தான் போயிருக்கும். மாதம் ஒருதடவை பத்தடி உருட்டியிருந்தால் அதுகூட நல்லபடியாக இருந்திருக்கும். சொல்லிவிட்டு, அப்பாவுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை என்றும் சொன்னேன். மெக்கானிக்குகளிலேயே பல பேருக்குத் தெரியாது. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒவ்வொரு சித்திரைக்கும் வெளிய துடைச்சு பொட்டு வச்சு விடுவாக," என்றார்.

ஓட்டிப் பார்க்க இலஞ்சி வழியாகச் செங்கோட்டை போய், புளியரை எஸ் வளைவில் ஏற்றினேன். அந்த வளைவில் மரம் ஏற்றிய லாரியும் சிமெண்ட் லாரியும் எப்போதும் திணறிக்கொண்டிருக்கும். பழைய ஹெரால்டின் பின்பக்கத்தை எடைபோட அதைவிட நல்ல இடம் கிடையாது. வளைவுக்கு முன்பே பிரேக் பிடித்து, உள்ளே நுழைந்ததும் மெல்ல ஆக்சிலரேட்டரில் கால் வைத்து இழுத்தேன். சிறகு விரிந்து தரையைப் பிடித்தது. எம்பவில்லை, உதறவில்லை. மேலே கோட்டைவாசல் கருப்பசாமி கோயிலில் நிறுத்தி ஒரு தேங்காய் உடைத்துவிட்டு, இறங்கும்போது ஸ்டியரிங்கை அவரிடம் கொடுத்தேன். மனிதர் புளியரை வரை ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டாம் கியரிலேயே இறக்கினார். அவருடைய அப்பா அப்படித்தான் இறக்குவாராம்.

500 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி எல்லா நட்டையும் எடையில் வைத்துச் சரிபார்த்தேன். சீர்செய்த பட்டை கொஞ்சம் இறங்கும், அதற்கேற்ப இரண்டு போல்டைத் தளர்த்தி மறுபடி இறுக்கினேன். ட்ரன்னியனுக்கு எண்ணெய் அடித்துக் காட்டி, கன்னையும் ஒரு லிட்டர் 90 நம்பர் ஆயிலையும் அவர் கையில் கொடுத்து அனுப்பினேன். ஷெட்டில் அந்த நான்கு கற்களும் இன்னும் கிடக்கின்றனவா என்று கேட்டேன். தென்னை மூட்டுக்கு நகர்த்திவிட்டதாகச் சொன்னார்.

புரட்டாசியில் ஒரு நாள் காலையில் போன் வந்தது.

"அண்ணாச்சி, முன்சக்கரம் ரெண்டுக்கும் அடியில தரையில எண்ணெய்ச் சொட்டு இருக்கு. சீல் போயிட்டோ?"

"எந்த இடத்துல? சக்கரத்துக்கு உள்பக்கமா?"

"ஆமா. விரல் வச்சுப் பாத்தேன், கெட்டியா, கறுப்பா."

"அது ட்ரன்னியன்லருந்து வாரது. வரட்டும். அடியில ஒரு அட்டை போட்டுக்கோங்க. தரை காய்ஞ்சு கெடந்தா அன்னைக்குக் கூப்பிடுங்க, நான் உடனே வாரேன்."